காடாத் துணியில் பிறக்கும் பட்டு கவுன்: கூத்யூர் என்றால் என்ன?

‘ஃபாண்டம் த்ரெட்’ (2017) படம் பார்த்தவர்களில் பாதிப் பேர் அதில் வரும் விஷக் காளானைப் பற்றிப் பேசுவார்கள். மீதிப் பேர், காலை மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் சத்தத்தைக்கூடப் பொறுக்காத ரெனால்ட்ஸ் வுட்காக்கைப் பற்றிப் பேசுவார்கள். 1950களின் லண்டனில் பணக்காரப் பெண்களுக்கும் அரச குடும்பத்தாருக்கும் உடை தைத்துக் கொடுக்கும் வடிவமைப்பாளர் அவர். நடித்தவர் டேனியல் டே-லூயிஸ், இயக்கியவர் பால் தாமஸ் ஆண்டர்சன். வுட்காக்கின் பிடிவாதத்துக்கு அம்மா, தனிமை, ஆணவம் என்று காரணங்கள் அடுக்கலாம். ஆனால் அவர் பார்க்கும் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால், அந்தப் பிடிவாதத்தில் பாதி தொழிலோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்பது புரியும். படத்தில் யாரும் நின்று விளக்காத அந்த வேலைதான் இங்கே விஷயம். கதையின் சில இடங்கள் வெளிப்படும்; படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் பெயர். ‘ஓத் கூத்யூர்’ என்றால் பிரெஞ்சில் ‘உயர்ந்த தையல்’. ஒரு குறிப்பிட்ட பெண்ணின் உடம்புக்கு மட்டும், பெரும்பாலும் கையாலேயே, பல முறை போட்டுப் பார்த்துத் திருத்தித் தைக்கும் உடை அது. இதை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியவர் சார்ல்ஸ் ஃப்ரெடரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர். 1858ல் பாரிசில் கடை போட்டார். வாடிக்கையாளர் சொல்வதைத் தைத்துக் கொடுக்கும் தையல்காரர் என்ற நிலையை மாற்றி, தான் வடிவமைத்ததை அவர்கள் வந்து தேர்ந்தெடுக்கும்படி செய்தார். பிரான்சில் 1945 முதல் ‘ஓத் கூத்யூர்’ சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர்; நினைத்தவர்கள் போட்டுக்கொள்ள முடியாது. அதனால் கறாராகச் சொன்னால் லண்டனில் இருக்கும் வுட்காக் நிறுவனம் ‘ஓத் கூத்யூர்’ ஆகாது, வெறும் கூத்யூர்தான். லண்டனில் அப்போது நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமிஸ் போன்றவர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். 1947ல் இளவரசி எலிசபெத்தின் திருமண உடையும், 1953ல் முடிசூட்டு விழா உடையும் ஹார்ட்னெல் கைவண்ணம்.

இன்ச் டேப் முதல்

பின்னர் காதலியாகும் ஆல்மாவை முதன்முதலாகத் தன் கிராமத்து வீட்டுக்கு அழைத்துப் போகும் இரவிலேயே, வுட்காக் அவளை நிற்க வைத்து அளவு எடுக்கத் தொடங்கிவிடுகிறார். நடுவில் சகோதரி சிரில் வந்து உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எண்களை நோட்டில் குறித்துக்கொள்கிறார். காதல் காட்சி எங்கே முடிந்து தொழில் எங்கே தொடங்கியது என்று பிரிக்கவே முடியாது.

ரெடிமேட் உடைக்கு மார்பு, இடுப்பு, புட்டம் என மூன்று சுற்றளவு போதும். கூத்யூரில் இருபதுக்கு மேல் போகும். இடது தோள் தனி, வலது தோள் தனி. கழுத்துக் குழியிலிருந்து மார்பு உச்சி வரை, இரண்டு உச்சிகளுக்கும் நடுவே, பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை, முழங்கையை மடக்கிய நிலையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை என்று நீளும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு தோள் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். அதை உடையில் மறைக்க வேண்டுமானால் முதலில் நோட்டில் எழுத வேண்டும்.

எல்லா நீளங்களும் இடுப்பைக் குறியாக வைத்தே எடுக்கப்படுவதால், இடுப்பு எங்கே இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு. ஒரு நாடாவைக் கட்டிவிட்டு, ஆளை இரண்டு மூன்று தடவை பக்கவாட்டில் வளையச் சொன்னால், நாடா தானாக நகர்ந்து உண்மையான இடுப்பில் போய் நிற்கும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு தையல்காரருடையது அல்ல, அளவு கொடுப்பவருடையது. டேப்பைப் பார்த்ததும் எல்லோரும் வயிற்றை உள்ளிழுத்து நிமிர்ந்துவிடுவார்கள். அந்த அளவில் தைத்த உடையில் விருந்துக்குப் போய் உட்கார முடியாது. அதனால் அனுபவசாலிகள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளவு எடுப்பார்கள், முக்கியமான எண்களை இரண்டாம் தடவையும் பார்ப்பார்கள். வழக்கமான வாடிக்கையாளராக இருந்தால், நிற்கும் பொம்மை ஒன்றைப் பஞ்சும் துணியும் சுற்றி அவர் உடம்பின் வடிவத்துக்கே கொண்டுவந்துவிடுவார்கள்.

காடாத் துணி என்ற ஒத்திகை

கூத்யூர் என்றதும் பட்டும் லேசும் நினைவுக்கு வரும். அந்த வேலையின் உயிர் இருப்பது வெளுக்காத காடாத் துணியில். உடை முழுவதையும் முதலில் காடாவில் தைத்துப் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் ‘துவால்’. பட்டை ஒரு முறை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். காடாவை எத்தனை முறை வேண்டுமானாலும் கிழிக்கலாம்.

பொம்மையின் முன்பக்க நடுவில் காடாவின் பாவு நூல் செங்குத்தாக விழ வேண்டும், மார்புக்கு நேரே ஊடை நூல் தரைக்கு இணையாக ஓட வேண்டும். இந்த இரண்டு கோடுகளையும் முதலிலேயே பென்சிலாலோ வண்ண நூலாலோ குறித்துவிடுவார்கள். உடம்பில் போட்டதும் இந்தக் கோடு எங்கே சாய்கிறதோ, அங்கே தவறு இருக்கிறது என்று அர்த்தம். கோடு போடாத துவால் வெறும் துணி. அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

புதிதாகக் கற்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று. எல்லா உடைக்கும் ஒரே காடா உதவாது. கனத்த கோட்டுக்குக் கனத்த காடா, மெல்லிய பட்டுக்கு மஸ்லின். நம் தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் 45 டிகிரி சாய்வு வெட்டில் சாட்டின் கவுன் தைப்பதென்றால் காடா பொய் சொல்லும். சாட்டின் சாய்வில் இழுபட்டு நீளும், காடா அவ்வளவு நீளாது. அப்போது விலை மலிந்த சாட்டினிலேயே மாதிரி தைப்பார்கள். அப்படித் தைத்த உடையை ஓரிரு நாள் தொங்கவிட்ட பிறகுதான் கீழ் விளிம்பை வெட்டுவார்கள்; இல்லையென்றால் முதல் நாள் நேராக இருந்த விளிம்பு மூன்றாம் நாள் அலை அலையாக இறங்கியிருக்கும்.

வாடிக்கையாளர் வந்ததும் துவாலை அவர் மேல் போட்டு, பிரித்து, குத்தூசி குத்தி, கோடு போட்டுத் திருத்துவார்கள். பிறகு தையல் எல்லாவற்றையும் பிரித்து, துண்டுகளைத் தேய்த்துத் தட்டையாக்கி, குறிகளைக் காகிதத்துக்கு மாற்றுவார்கள். இந்த இடத்தில்தான் வெறி பிடித்தது போன்ற துல்லியம் தேவைப்படுகிறது. கணக்குப் போட்டால் தெரியும்: மேலுடையில் ஆறு தையல், ஒரு தையலுக்கு இரண்டு விளிம்பு, ஒவ்வொரு விளிம்பிலும் 2 மில்லிமீட்டர் பிசகு. மொத்தம் 24 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலத்தில் உடை தொளதொளத்துப் போகும், அல்லது கொக்கி மாட்டாது. வுட்காக் காலையில் ஒரு வார்த்தை பேசினாலும் எரிந்து விழுவது நியாயம் என்று சொல்ல வரவில்லை. கவனம் கலைந்தால் என்ன நஷ்டம் என்பது அவருக்கு அங்குலக் கணக்கில் தெரியும், அவ்வளவுதான்.

சுருக்கத்தைப் படிப்பது

ஃபிட்டிங் என்பது சுருக்கங்களைப் படிக்கும் வேலை. துணியில் விழும் ஒவ்வொரு இழுவைக் கோடும் பிரச்சினை இருக்கும் திசையைக் காட்டும்.

குறுக்கே இழுத்துக்கொண்டு நிற்கும் சுருக்கம் என்றால் அங்கே இறுக்கம். புட்டத்தில் இறுகினால் பாவாடைப் பகுதி மேலே ஏறி இடுப்பில் மடிந்து கிடக்கும், பார்ப்பவர்கள் இடுப்பில் கோளாறு என்று நினைத்து அங்கே வெட்டிக் கெடுப்பார்கள். நெடுக்காகத் தொங்கும் மடிப்பு என்றால் அகலம் மிச்சம். பின்கழுத்துக்குக் கீழே படுக்கைவாட்டில் துணி சேர்ந்தால் முதுகு நீளம் அதிகம். மார்பிலிருந்து பக்கவாட்டில் சரிந்து இறங்கும் கோடு, டாட் (துணியை மடித்துத் தைத்து உடம்பின் வளைவைத் தரும் கூர்மடிப்பு) போதவில்லை என்று சொல்கிறது. ஒரு விதி: மேலிருந்து கீழே போக வேண்டும். தோளைச் சரிசெய்தால் கீழே இருக்கும் மூன்று சுருக்கம் தானாகவே மறைந்துவிடும். கீழிருந்து தொடங்கினால் திருத்தத்துக்கு மேல் திருத்தம் சேர்ந்து, கடைசியில் எது அசல் பிழை என்றே தெரியாது.

வாடிக்கையாளர் அசையாமல் நிற்கும்போது மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். உட்காரச் சொல்ல வேண்டும், கையைத் தூக்கச் சொல்ல வேண்டும், உடைக்கான செருப்பைப் போட்டு நடக்கச் சொல்ல வேண்டும். கீழ் விளிம்பை இடுப்பிலிருந்து கீழே அளக்க மாட்டார்கள். தரையிலிருந்து மேலே அளப்பார்கள். ஆள் திரும்பக் கூடாது, அளப்பவர்தான் முழங்காலில் சுற்றி வர வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது கை

கிறிஸ்டோபல் பாலென்சியாகா 1937 முதல் 1968 வரை பாரிசில் கடை நடத்திய ஸ்பானியர். பேச்சு குறைவு, பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஒதுங்குவார். வுட்காக் பாத்திரத்துக்கு விதை போட்டவர்களில் அவரும் ஒருவர். கை சரியாக உட்காராத உடையைப் பார்த்தால் பிரித்துத் திரும்ப வைக்காமல் அவரால் இருக்க முடியாது என்பார்கள். கை ஏன் இவ்வளவு படுத்துகிறது?

கையின் மேல் வளைவு, அது போய்ச் சேரும் கைக்குழியைவிட ஏறக்குறைய 2.5 முதல் 4 சென்டிமீட்டர் நீளமாக இருக்கும். தோள் உருண்டையாக இருப்பதால் இந்த மிச்சம் வேண்டும். ஆனால் தைத்து முடித்த பிறகு ஒரு சுருக்கமும் தெரியக் கூடாது. செய்யும் முறை இது: வளைவில் இரண்டு வரிசை சின்னத் தையல் ஓட்டி, நூலை மெல்ல இழுத்துக் கிண்ணம் போலக் குவிப்பார்கள். உருண்டையான திண்டின் மேல் வைத்து நீராவி கொடுத்தால், கம்பளித் துணி அந்த மிச்சத்தை உள்வாங்கிக்கொள்ளும். பட்டு அப்படி அடங்காது. அதனால் பட்டுக்கு முதலிலேயே மிச்சம் குறைவாக வைத்து வெட்டுவார்கள். அடுத்து ஆள் மேல் உடையைப் போட்டு, கையைத் தோள் உச்சியில் ஒரே ஒரு குத்தூசியில் தொங்கவிடுவார்கள். பாவு நூல் முழங்கை வரை செங்குத்தாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். சரிவான சுருக்கம் வந்தால் கையைச் சற்றே முன்னாலோ பின்னாலோ திருப்ப வேண்டும். திருப்பும் அளவு சில சமயம் அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. இடது கைக்குச் சரியான இடம் வலது கைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இன்னொரு விஷயம் முதலில் கேட்பவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். கையைத் தாராளமாகத் தூக்க வேண்டுமானால் கைக்குழி பெரிதாக இருக்கக் கூடாது, அக்குளை ஒட்டிச் சிறிதாக இருக்க வேண்டும். குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது உடையின் பக்கவாட்டு முழுவதும் சேர்ந்து மேலே ஏறும்.

கையும் உடலும் ஒரே துண்டாக வெட்டப்பட்ட, 1950களில் பரவலாக இருந்த உடைகளில் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். அக்குளில் ஒரு கீறல் போட்டு, வைர வடிவத்தில் சிறு துண்டு ஒன்றைக் கிராஸில் வெட்டி உள்ளே வைப்பார்கள். கை கீழே இருக்கும்போது அது மடிந்து மறைந்துவிடும், தூக்கினால் விரியும். கீறலின் முனைதான் ஆபத்து: அங்கே தையலுக்குப் பிடிக்க ஓரிரு நூல்தான் மிஞ்சும், பிரிந்து கிழியும். அதனால் கீறுவதற்கு முன்பே முனையின் மேல் ஆர்கன்சா என்ற மெல்லிய, விறைப்பான துணியின் சிறிய துண்டை வைத்துத் தைத்து, பிறகு நடுவே வெட்டுவார்கள். டே-லூயிஸ் படத்துக்காக நியூயார்க் சிட்டி பாலேயின் உடைப் பிரிவில் தையல் கற்றுக்கொண்டார். பயிற்சியின் முடிவில் பாலென்சியாகாவின் உடை ஒன்றை அப்படியே நகல் செய்தார். அதில் அவரைத் திணறடித்தது இந்த அக்குள் துண்டுதான்.

பட்டைத் தொடும் நேரம்

காகித மாதிரி உறுதியானதும் அசல் துணி மேசைக்கு வரும். இரண்டாக மடித்து வெட்ட மாட்டார்கள், ஒற்றைப் படையாக விரித்துத்தான். மடித்தால் கீழ்ப்படை நழுவும். வெல்வெட், சாட்டின் இரண்டுக்கும் எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒன்று தலைகீழானால் வெளிச்சத்தில் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும். சாட்டினில் குத்தூசி குத்திய துளை மறையாது. அதனால் தையல் கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே விடும் துணியில்தான் குத்துவார்கள். குறி போடுவதும் சாக்பீஸால் அல்ல. மெல்லிய நூலால், தையல் ஓட வேண்டிய கோட்டில் நீள நீளமாகத் தற்காலிகத் தையல் போடுவார்கள். தொழிற்சாலையில் வெட்டு விளிம்புதான் அளவு. இங்கே தையல் கோடுதான் அளவு, விளிம்பு எப்படி இருந்தாலும் கவலை இல்லை. விளிம்பில் தாராளமாக ஒரு அங்குலத்துக்கு மேலும் துணி விடுவார்கள். பின்னாளில் ஆள் பெருத்தால் பிரித்து விடலாம்.

லேஸ் தனி ஜாதி. படத்தில் வுட்காக் பத்திரமாக வைத்திருந்த பழைய ஃபிளெமிஷ் லேஸை எடுத்து கவுன் தைப்பார். லேஸை நேர்கோட்டில் வெட்டித் தைத்தால் பூ பாதியில் அறுந்து நிற்கும். பூவின் ஓரத்தையே பின்தொடர்ந்து வெட்டி, ஒரு துண்டின் பூவை அடுத்த துண்டின் மேல் படியவைத்து, பொடித் தையலால் சுற்றித் தைப்பார்கள். நன்றாகச் செய்திருந்தால் இணைப்பு எங்கே என்று விரலால்தான் கண்டுபிடிக்க முடியும்.

வெளியே தெரியாதது

தோள் இல்லாத கனத்த கவுன் எப்படிக் கீழே நழுவாமல் நிற்கிறது? உள்ளே இன்னொரு உடை இருக்கிறது. வலைத் துணியில் எலும்புகள் என்று சொல்லப்படும் வளையும் பட்டைகள் வைத்துத் தைத்த உள்கச்சை அது. இடுப்பில் தடித்த நாடா ஒன்று, இடுப்புச் சுற்றளவைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவாக, தனிக் கொக்கியோடு இருக்கும். முதலில் அதை மாட்டுவார்கள், பிறகுதான் ஜிப். கவுனின் எடை முழுவதும் இடுப்பில் தங்கிவிடுவதால் மார்புப் பகுதியில் இழுவை இருக்காது. நாடாவைத் தளர்வாக வைத்தால், உடுத்தியவர் மாலை முழுவதும் கவுனை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார்.

கோட்டின் மார்புப் பகுதியில் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே குதிரை முடி கலந்த கேன்வாஸ் இருக்கும். அதை ஆயிரக்கணக்கான சாய்வுத் தையல்களால், கையில் வளைத்துப் பிடித்துக்கொண்டே துணியோடு இணைப்பார்கள். லைனிங் மூடியதும் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கப்போவதில்லை. வுட்காக் தன் கோட்டின் கேன்வாஸில் அம்மாவின் தலைமுடிக் கற்றையை வைத்துத் தைத்திருப்பதாகச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

இத்தனையும் ஒருவர் கை வேலை அல்ல. பாரிஸ் வழக்கத்தில் பட்டு, ஷிஃபான் தைக்க ஒரு பட்டறை, கோட்டும் சூட்டும் தைக்க இன்னொன்று என்று இருக்கும். தலைமைத் தையல்காரி, அவருக்கு அடுத்தவர், கீழே தையல் பெண்கள், கடைசியில் குத்தூசி பொறுக்கும் பயிற்சிச் சிறுமி. பகலில் உடுத்தும் சாதாரண உடைக்கே நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எம்பிராய்டரி கவுன் என்றால் பல நூறு. 1960களில் ரெடிமேட் வளர்ந்ததும் இந்தக் கணக்கு பல கடைகளை மூடவைத்தது. படத்தில் பட்டறைப் பெண்களாக வருபவர்களில் ஓய்வுபெற்ற உண்மையான தையல்காரிகளும் உண்டு. ஊசியில் நூல் கோக்கும் வேகத்திலேயே தெரியும்.

அந்தப் பெண்களின் வேலை முழுமையாகத் தெரியும் காட்சி, பெல்ஜியம் இளவரசிக்கான திருமண உடை கெட்டுப்போகும் இரவு. உடம்பு முடியாத வுட்காக் அதன் மேலேயே சரிந்து விழுகிறார். காலைக்குள் சரிசெய்ய வேண்டும். இது எப்படிச் சாத்தியம்? வெளிர் சாட்டினில் விழுந்த கறையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் விளிம்பில் வளையம் வளையமாக நிற்கும், அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு மாறும். துடைப்பதைவிட, கெட்ட துண்டைக் கழற்றி மாற்றுவதே பத்திரம். கைத்தையல் என்பதால் துணியைக் காயப்படுத்தாமல் பிரிக்கலாம். காகித மாதிரி கையில் இருப்பதால் அதே துண்டைத் திரும்ப வெட்டலாம். தையல் கோடு நூலால் குறிக்கப்பட்டிருப்பதால், ஆளைத் திரும்ப நிற்க வைக்காமலே சரியான இடத்தில் பொருத்தலாம். இரவு முழுக்க விளக்கடியில் அவர்கள் குனிந்திருக்கும்போது, உடையின் கீழ் விளிம்பு மடிப்புக்குள் ‘ஒருபோதும் சபிக்கப்படவில்லை’ என்ற பொருளில் வுட்காக் ஒளித்துத் தைத்த வாசகம் ஆல்மாவின் கையில் அகப்படுகிறது. யாரிடமும் சொல்லாமல் அவள் அதை எடுத்துவிடுகிறாள். காலையில் உடை வழக்கம்போல இளவரசிக்குப் போய்ச் சேர்கிறது.